'ஹோலி' என்னும் சொல்லும் நமது பரிசுத்தமும்

சென்ற ஆண்டு லெந்து நாட்களில் படூரில் நடைபெற்ற வாலிபர் தியானக் கூடுகையொன்றிற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட இவ்வூரை வயலும் ஏரியுமாகக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. இன்று அது சிறுசேரிக் கணினி நிறுவனங்களில் பணிபுரிவோரும் கல்லூரி மாணவருமாகப் பல மாவட்டத்தார் கூடிவாழும் இடம். ஆகவே அன்றைய அருளுரையும் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக அமைந்தது. பேசியவர் ஓர் இளம் போதகர், ஊக்கமுள்ளவர். 'ஹோலி' என்னும் ஆங்கிலச் சொல், முழுமையைக் குறிக்கும் 'ஹோல்' என்னும் சொல்லோடு உடன்பிறந்தது என்று எடுத்துக்காட்டி, "ஆகவே பரிசுத்தம் என்றால் முழுமை, குறையுள்ளது பரிசுத்தமாயிராது" என்று முடித்தார். பலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

தேநீர் வேளையில், ஊன்றுகோலுடன் வந்திருந்த ஓர் இளைஞர் நம்மிடம் வந்து, "ஐயா, கால் இப்படி இருக்கிற நான் எந்தக் கணக்கில் வருவேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று நாம் சொன்ன மறுமொழி சரியானதன்று. ஆவிக்குரிய முழுமை, சரீர முழுமை என்று ஏதோ பிரித்துக்காட்டிச் சமாளித்தோம். இளம் போதகரையும் நாம் குறைகூறுவதற்கில்லை. இதே 'ஹோல்' விளக்கத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறையிலும் பீடத்திலும் நாமே கூறியிருக்கிறோம். அதை ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தால் எழுந்ததே இக்கட்டுரை.

சொல்லின் பிறப்பைப் பற்றி அவர் கூறியது பொய்யன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'ஹாலிக்' என்று வழங்கிற்று. நலம், ஊனமின்மை என்று பொருள்படும் 'ஹால்' என்பது அதன் அடி. உடல்நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்', குணமாக்குதலைக் குறிக்கும் 'ஹீல்' ஆகியவையும் இவ்வடியினவே. 'ஹோல்' என்னும் சொல்லின் முதலில் இன்று எழுதப்பட்டும் ஒலிக்கப்படாதும் நிற்கும் 'டபிள்யூ' எழுத்து மிகப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மானிய மொழியிலும் 'ஹைலிக்' என்பது பரிசுத்தம், 'ஹைல்' என்பது நலமும் இரட்சிப்பும். ஆலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்து தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் தாய்மொழியில் பரிசுத்தமும் இரட்சிப்பும் ஒரே வேரில் கிளைத்திருந்தன என்பது நினைக்க இன்பமாயிருக்கிறது.

ஆயினும் 'ஹாலிக்' என்பதற்குக் கிறிஸ்தவம் வருமுன் அம்மக்களிடையே என்ன பொருள் இருந்தது என்பதை அறிஞர் உறுதியாகக் கூறுவதில்லை. சேதமின்றிக் காக்கப்பட வேண்டியது என்பர் சிலர். நலந்தருவது என்பர் சிலர். 4-ஆம் நூற்றாண்டில் கோத்திய மொழியில் வேதத்தைப் பெயர்த்த உல்ஃபிலா என்னும் கண்காணியார் இவ்வடியை விட்டு, 'வைஹ்ஸ்' என்னும் வேறொரு சொல்லையே கையாண்டார். ருமேனியாவில் 1837-இல் புதையலாகக் கிடைத்த ஒரு பொன்வளையத்தின் எழுத்துக்களிலோ 'ஹைலாக்' என்னும் சொல் காணப்படுகிறது. ஒரே மொழியில் இரு சொற்களும் இருக்க, வேதத்திற்கு ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கிறார். இங்கிலாந்திலோ, 597-இல் அகுஸ்தீன் என்னும் துறவி உரோமையிலிருந்து வந்து சபை நாட்டிய பின், இலத்தீன் 'சாங்க்துஸ்' என்னும் சொல்லுக்கு ஈடாக மக்கள் நாவிலிருந்த 'ஹாலிக்' என்பதைக் கையாண்டனர். அன்றுமுதல் அதன் பொருளை நிர்ணயித்தது அதன் வேர் அன்று. வேதமும் வழிபாடுமே அதை நிர்ணயித்தன. விடுமுறையைக் குறிக்கும் 'ஹாலிடே' பரிசுத்த நாள் என்பதன் மரூஉ. 'ஹாலிபட்' என்னும் தட்டைமீனின் பெயரிலும் இதே அடைமொழி ஒளிந்திருக்கிறது. பரிசுத்த நாட்களில் இறைச்சியை விலக்கி உண்ணப்பட்ட மீனாதலின் அப்பெயர் பெற்றது. நம் கடற்கரையில் எருமைநாக்கு எனப்படும் மீனை ஆங்கிலேயர் 'இந்திய ஹாலிபட்' என்பர். கோவளத்து மீனவரிடம் எருமைநாக்கு வாங்குகிறவர் எவரும் பரிசுத்தத்தை நினைப்பதில்லை.

இங்கேதான் நமது தவறு வெளிப்படுகிறது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அது இன்று எதைச் சொல்லுகிறது என்பது வேறொன்று. 'நைஸ்' என்று ஆங்கிலேயர் ஒருவரைப் புகழும் சொல், அறிவிலி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அறிவீனரைச் சுட்டும் 'சில்லி' என்பதோ முன்னாளில் பாக்கியவான் என்று பொருள்பட்டது. வேரே பொருள் என்றால் நாம் நன்றி கூறும்போது வைகிறோம், வையும்போது வாழ்த்துகிறோம். ஜேம்ஸ் பார் என்னும் வேத அறிஞர் 1961-இல் வெளியிட்ட, வேதாகம மொழியின் பொருளியல் பற்றிய நூலில் இவ்வகை வேர்ச்சொல் இறையியலைக் கடுமையாகக் கண்டித்தார். அந்நூல் நமது இறையியற் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. நமது பீடங்களை அது இன்னும் எட்டவில்லை என்றே கூற வேண்டும். அன்றியும் 'ஹோலி' மூலமொழிச் சொல்லும் அன்று, தமிழ்ச் சொல்லும் அன்று. எபிரெயத்திலிருந்து தமிழுக்கு வருகிற வழியில் கெந்த் நாட்டுக் கரையில் நாம் இறங்கி நிற்க வேண்டிய அவசியமென்ன?

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மேரி டக்ளஸ் என்னும் மானிடவியலார் 1966-இல் எழுதிய 'தூய்மையும் ஆபத்தும்' என்னும் நூலில், லேவியராகமத்தின் பரிசுத்தம் முழுமையையும் ஒழுங்கையும் பற்றியது என்று வாதித்தார். ஊனமுள்ள ஆசாரியன் பலியிடலாகாது என்னும் விதி (லேவி. 21) அவருக்குத் துணைநிற்கிறது. இது சொல்லின் வேரிலிருந்தன்று, சட்டங்களின் அமைப்பிலிருந்து எழுந்த வாதம், ஆகவே மதிக்கத்தக்கது. ஆயினும் அதே அதிகாரத்தில், ஊனமுள்ள ஆசாரியன் பலிபீடத்தண்டை சேராவிடினும், மகா பரிசுத்தமானவைகளையும் உண்ணலாம் என்று கூறப்பட்டிருப்பதை (லேவி. 21:22) நம் இளைஞரிடம் அன்றே காட்டியிருக்க வேண்டும். அவர் பந்திக்குப் புறம்பானவர் அல்லர்.

எபிரெய 'காதோஷ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'வெட்டுதல், பிரித்தல்' என்னும் வேரிலிருந்து வந்தது என்று நாம் மனப்பாடமாய்ச் சொல்வதும் ஊகமே. வழக்கைப் பார்ப்பதே நலம். தேவனுக்கு உரியது எதுவோ அது காதோஷ். ஓரேபில் மோசே பாதரட்சையைக் கழற்றிய நிலம் (யாத். 3:5) ஆடுகள் மேய்ந்த வனாந்தரம், கழுவிப் பெருக்கிய மண்டபம் அன்று. இன்னும் திகைப்பூட்டும் ஒன்று உண்டு. தாமாரை யூதாவின் சிநேகிதன் தேடும் இடத்தில் (ஆதி. 38:21) நமது பழைய மொழிபெயர்ப்பு 'தாசி' என்று கூறும் சொல், மூலத்தில் இதே அடியிலிருந்து பிறந்த 'கெதேஷா' என்பதாம். ஒழுக்கத் தூய்மையே அவ்வடியின் பொருளாயின் இது எங்ஙனம் கூடும்? யாருக்கு உரியது என்பதே அதன் கேள்வி. எனவேதான் இஸ்ரவேலின் தேவன் எத்தகையவர் என்பது தெரிந்த பின்னரே, அவருக்கு உரியவர்கள் எத்தகையவராயிருக்க வேண்டும் என்பதும் தெரியவருகிறது. கிரேக்கத்தில் வேதத்தைப் பெயர்த்தவர்கள், கோவில்களுக்கு வழங்கிவந்த 'ஹியெரோஸ்' என்னும் சொல்லைப் பெரும்பாலும் ஒதுக்கி, அத்துணை புழக்கமில்லாத 'ஹாகியோஸ்' என்பதை எடுத்துக்கொண்டமை கூர்ந்து நோக்கத்தக்கது.

இனித் தமிழுக்கு வருவோம். நமது உண்மையான இடர் இங்கேதான் இருக்கிறது. உரோமைச் சபையார் தொடக்கத்தில் மொழிபெயர்க்கத் துணியாமல் 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கேய ஒலியையே வைத்துக்கொண்டனர். பின்னர் அடியாருக்கு 'அர்ச்சியசிஷ்ட' என்றும், அதன் பின் 'புனித' என்றும் அடைகொடுத்தனர். நம் முன்னோர் 'பரிசுத்த' என்பதில் நிலைத்தனர். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியாக அச்சொல் நம் நாவிலும் செவியிலும் ஊறிவிட்டது. தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபோது, வடசொல் என்று அதை விலக்கித் 'தூய' என்றோம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'தூய ஆவி' என்றே வழங்குகிறது.

இம்மாற்றத்திற்காக எத்தனை கூட்டங்கள், எத்தனை மனத்தாங்கல்கள்! ஆனால் மூன்று சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பரிசுத்தம், நன்கு சுத்தமாக்கப்பட்டது. புனிதம், சுத்திசெய்தலைக் குறிக்கும் வடமொழித் தாதுவிலிருந்து வந்தது. தூய்மை, அழுக்கின்மை. சட்டையை மாற்றினோம்; ஆள் அதே ஆள். ஆங்கிலேயனுக்கு 'ஹோலி' வேறு, 'க்ளீன்' வேறு. நமக்கோ எந்தச் சொல்லை எடுத்தாலும் அழுக்கும் கழுவுதலுமே முன்வந்து நிற்கின்றன.

வேரைக் கொண்டு பொருள் கூறலாகாது என்று சற்றுமுன் எழுதிவிட்டு இப்பொழுது வேரைத் தோண்டுவது முரணன்றோ என்று மாணவர் கேட்கலாம். 'ஹோலி'யைக் கேட்கும் ஆங்கிலேயன் 'ஹோல்' என்பதை நினைப்பதில்லை. 'பரிசுத்தம்' என்று கேட்கும் தமிழனோ சுத்தத்தை நினைக்கிறான். அங்கே வேர் மண்ணுக்குள் மறைந்துவிட்டது. இங்கே அது தெருவில் நடமாடுகிறது. இது அகராதி ஆராய்ச்சியால் நாம் கண்டதன்று. ஒரு தாயாரிடம் கேட்டறிந்தது.

படூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு சபையில் சில ஆண்டுகள் மாதந்தோறும் திருவிருந்து நடத்தி வந்தோம். ஆலயத்தைப் பெருக்கி விளக்கேற்றி வைக்கும் ஒரு தாயார் ஒரு மாதம் பந்திக்கு வராமல் வாசற்படியிலேயே அமர்ந்திருந்தார். ஆராதனை முடிந்தபின் காரணம் கேட்டோம். "மாமியார் செத்து இன்னும் பதினாறு முடியலீங்க ஐயா. தீட்டு. பரிசுத்தமானதுல நான் எப்படிக் கையை நீட்டுறது?" என்றார். மாமியாரைக் கடைசி மூன்று மாதம் படுக்கையில் வைத்துக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர் அவரே. மாதவிலக்கு நாட்களில் இதே காரணத்தால் பந்திக்கு வராத பெண்கள் நம் சபைகளில் எத்தனை பேர் என்று போதகர்கள் தங்கள் மனைவியரைக் கேட்டால் தெரியும். அத்தாயார் அறியாமையால் பேசவில்லை. "பரிசுத்தமானவைகள் பரிசுத்தருக்கே" என்னும் பொருளில் நாம் பீடத்திலிருந்து கூறியதை, தமது தமிழறிவைக் கொண்டு சரியாகவே புரிந்துகொண்டார்.

லேவியராகமம் ஆசாரியனுக்கு இரண்டு வேறுபாடுகளைக் கற்பிக்கிறது (10:10). தேவனுக்கு உரியதும் பொதுவானதும் ஓர் இணை. தீட்டற்றதும் தீட்டுள்ளதும் மற்றோர் இணை. மூலத்தில் நான்கும் நான்கு தனிச் சொற்கள். தமிழில் 'பரிசுத்தம்' என்றவுடன் எதிர்ச்சொல்லாக நம் செவியில் ஒலிப்பது 'பொதுவானது' அன்று, 'தீட்டு' என்பதே. இரண்டு இணைகளும் ஒன்றாகிவிட்டன. வேதத்திலேயே இவை ஒன்றையொன்று தொடும் இடங்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அசுத்தம், பரிசுத்தம் என்று பவுல் எதிரெதிராக வைக்கிறார் (1 கொரி. 7:14). ஆனால் அங்கே அவர் கூறுவது யாது? விசுவாசியாத துணையால் விசுவாசி தீட்டுப்படுவதில்லை, விசுவாசியால் துணையே பரிசுத்தமாகிறது என்பது. ஆகாய் தீர்க்கதரிசியின் நாளில் (2:12, 13) பரிசுத்த இறைச்சி தொட்டது பரிசுத்தமாகவில்லை, பிணத்தால் தீட்டானவன் தொட்டது தீட்டாயிற்று. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இந்தத் திசை புரண்டுவிடுகிறது. குஷ்டரோகியை இயேசு தொடுகிறார். பெரும்பாடுள்ள ஸ்திரீ அவரைத் தொடுகிறாள். மரித்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார். இம்மூன்றில் எதிலும் அவர் தீட்டானதாக மாற்கு எழுதவில்லை. அவரைத் தேவனுடைய பரிசுத்தர் என்று முதன்முதல் அந்நூலில் அறிக்கையிடுவது ஓர் அசுத்த ஆவி என்பதும் (1:24) எண்ணத்தக்கது. அத்தாயார் செய்ததும் பிணத்தையும் புண்ணையும் தொட்டதே. பந்திக்கு முதலாவது வந்திருக்க வேண்டியவர் அவர்.

தீட்டு என்பது நம் நாட்டில் வீட்டுச் சடங்கோடு நின்றதன்று. செங்கற்பட்டுச் சீமையில் அதன் வரலாறு அரசாங்கக் காகிதத்திலேயே ஏறியிருக்கிறது. 1891-இல் இம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமதில்லாத பண்ணையாட்களாக அவர்கள் கட்டுண்டிருந்ததை அது விவரித்தது. செங்கற்பட்டில் ஊழியஞ்செய்த ஸ்காத்து மிஷனெரியான ஆதாம் ஆண்ட்ரூ போன்றோரும் அந்நாளில் இவர்களுக்காகக் குரலெழுப்பினர். 1892-இல் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. நூறாண்டு கழித்தும் அந்நிலம் உரியவர் கையில் இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த காரணை நிலத்திற்காக 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். இம்மக்களைத் தெருவிலும் கிணற்றிலும் சுடுகாட்டிலும் தள்ளிவைக்கப் பயன்பட்ட சொல் எதுவோ, அதன் எதிர்ச்சொல்லாகக் கேட்கப்படும் ஒன்றையே நாம் தேவனுக்கு அடைமொழியாக்கியிருக்கிறோம். சபையின் உள்ளேயும் தனி இருக்கையும் தனிப் பந்தியும் இருந்தன. 1833-இல் கல்கத்தா கண்காணியார் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அகற்றும்படி சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினர். அவர்களும் பரிசுத்தத்தைக் காப்பதாகவே எண்ணியிருப்பர்.

பரிசுத்தராயிருங்கள் என்னும் கட்டளைக்குப் பின் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கூறுவன எவை? வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடுதல். கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்திராமை. செவிடனையும் குருடனையும் இழிவுபடுத்தாமை. குளித்து வருதலைப் பற்றி அங்கு ஒன்றுமில்லை. திரமென்ஹீரின் அறிக்கையையும் இவ்வதிகாரத்தையும் ஒருசேர வாசித்தால் செங்கற்பட்டில் பரிசுத்தம் எதுவாயிருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

வேறு சொல் உண்டா? நாம் தேடும் பொருளுக்கு மிக அருகில் நிற்பது 'திரு' என்னும் அடைமொழி என்பது நமது கருத்து. படூரைச் சுற்றிலும் பாருங்கள்: திருப்போரூர், திருவிடந்தை, திருக்கழுக்குன்றம். இவ்வூர்கள் சுத்தமானவை என்பதால் இப்பெயர் பெறவில்லை. தெய்வத்திற்கு உரியவை என்பதால் பெற்றன. திருச்சபை, திருமுழுக்கு, திருவிருந்து என்று நாமும் அறியாமலே சரியாக வழங்கிவருகிறோம். இதில் தீட்டின் நிழல் இல்லை. ஆனால் 'திருவாக இருங்கள்' என்று ஒருவரிடம் கூற இயலாது. அடையாக நிற்குமேயன்றிப் பயனிலையாக நில்லாது. கடிதங்களில் ஆடவர் பெயருக்கு முன்னெல்லாம் அதை ஒட்டித் தேய்த்தும்விட்டோம்.

கிராமத்து வழக்கில் மற்றொன்று உண்டு. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா சேற்றில் புரளும், எவர் தோட்டத்திலும் மேயும். ஆயினும் ஒருவரும் அதை விற்கவோ அடிக்கவோ துணியார். அது அழுக்காயிருப்பதைக் கண்டு அது அம்மனுடையதன்று என்று சொல்வாரும் இலர். 'காதோஷ்' என்பதை விளக்க இதைவிட நல்ல உவமை நமக்குக் கிடைக்கவில்லை. கிடாவின் முடிவு வெட்டுண்பது. நமது அழைப்போ ஜீவபலியாயிருக்க. ஒப்புமை அம்மட்டில் நின்றுவிடும். ஆங்கிலத்திலிருந்து 'ஹோல்' என்பதை இறக்குமதி செய்தவர்கள் தங்கள் ஊர்க் கிடாவை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

விசுவாசப்பிரமாணத்திலும் வழிபாட்டு நூலிலும் வேரூன்றிய 'பரிசுத்த' என்பதை எடுத்தெறிய வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. அது நடவாது, நடந்தால் மற்றொரு சட்டை மாற்றமாகவே முடியும். அச்சொல்லைப் பீடத்தில் உச்சரிக்கிறவர் ஒவ்வொரு முறையும் அதற்கு வேலி கட்ட வேண்டியவராயிருக்கிறார். திருவிருந்துக்கு அழைக்குமுன் "இது ஆண்டவருடைய பந்தி, அவருக்கு உரிய எவரும் வரலாம், சாவுத் தீட்டும் மாதத் தீட்டும் இப்பந்தியைத் தீண்டா" என்று நாம் சில ஆண்டுகளாகக் கூறிவருகிறோம். முதன்முறை கூறியபோது முன்வரிசையிலிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பேத்தி தலைநிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியிலிருந்த தாயார் அன்று வந்தார். கையை நீட்டுமுன் முந்தானையில் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.